எந்திரத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை விட்டுவிட்டார்கள்

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உலகின் ஒடுக்கப்பட்டோர் வரலாற்றிலிருந்து ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். மேடையில் நின்று முழங்கிய ஒரு தலைவரைப் பற்றி நான் பேசுவேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். நான் பேசப்போவது ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியைப் பற்றி. அவர் மேடை ஏறியதில்லை, நூல் எழுதியதில்லை, 36 வயதில் காசநோயில் இறந்துபோனார். ஆனால் இந்த அறையில் ஷூ போட்டிருக்கிற ஒவ்வொருவருடைய காலிலும் அவருடைய வேலை இருக்கிறது. அவர் பெயர் யான் எர்ன்ஸ்ட் மாட்செலிகர்.

முதலில் உங்கள் ஷூவைக் கொஞ்சம் பாருங்கள். முன்பக்கம், விரல்கள் இருக்கும் இடத்தில், தோல் உருண்டு வளைந்து அடிப்பாகத்துக்குள் போகிறது. அந்தத் தோல் தொடக்கத்தில் தட்டையான துண்டாகத்தான் இருந்தது. அது எப்படிக் காலின் வடிவத்துக்கு வந்தது?

எங்கள் ஆம்பூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மேல்தோலை வெட்டித் தைத்து முடித்தால் அதற்குப் பெயர் ‘அப்பர்’. கால் வடிவத்தில் ஓர் அச்சு இருக்கும், அதற்குப் பெயர் ‘லாஸ்ட்’. அந்தக் காலத்தில் மரத்தில் இருந்தது, இப்போது பிளாஸ்டிக்கில் வருகிறது. அப்பரை லாஸ்டின் மேல் போர்த்தி, இழுத்து, விரல் பக்கமும் குதிகால் பக்கமும் மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, அடியில் கொண்டுபோய்ப் பிடிக்கவைக்க வேண்டும். இதற்குத்தான் ‘லாஸ்ட்டிங்’ என்று பெயர். சோல் ஒட்டுவதோ தைப்பதோ அதற்குப் பிறகுதான். லாஸ்ட்டிங் சரியில்லை என்றால் ஷூ காலைக் கடிக்கும், ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், இரண்டே மாதத்தில் வாயைப் பிளக்கும்.

140 ஆண்டுகளுக்கு முன்புவரை உலகம் முழுவதும் இந்த வேலையை மனிதக் கைதான் செய்தது. அதை எந்திரத்தால் செய்ய முடியும் என்று காட்டியவர் மாட்செலிகர். 

அவர் 1852 செப்டம்பர் 15 அன்று தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டில், பரமாரிபோ நகரத்தில் பிறந்தார். சுரினாம் அப்போது டச்சுக் காலனி. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அடிமைகளாக உழைத்தார்கள். மாட்செலிகரின் அப்பா டச்சுக்காரர், அம்மா கருப்பினப் பெண். அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1863 ஜூலை 1 அன்று. எப்படி ஒழிந்தது என்பதைக் கவனியுங்கள். டச்சு அரசு ஒரு தலைக்கு 300 கில்டர் என்று கணக்குப்போட்டு இழப்பீடு கொடுத்தது. அந்தப் பணம் போனது எசமானர்களுக்கு. அடிமையாய் இருந்தவர்களுக்குக் கிடைத்தது, இன்னும் பத்து ஆண்டுகள் ஒப்பந்தத்தில் வேலை செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம். அந்தப் பத்து ஆண்டு முடிந்த 1873இல்தான், அதே தோட்டங்களில் வேலை செய்ய இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘லல்லா ரூக்’ என்ற கப்பல் சுரினாமில் கரைசேர்ந்தது. ஓர் அடிமைமுறை கதவைச் சாத்தும்போது இன்னொன்று சன்னலைத் திறந்துகொள்கிறது.

இந்த ஊரில்தான் அந்தப் பையன் வளர்ந்தான். அப்பா அரசாங்க எந்திரப் பட்டறையைக் கவனித்துவந்தார். பத்து வயதிலேயே பையன் அங்கே வேலைக்குப் போய்விட்டான். பல்சக்கரம் எப்படிப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது, நெம்புகோல் எங்கே அழுத்தினால் எங்கே தூக்கும் என்பதையெல்லாம் அங்கேதான் கையால் கற்றுக்கொண்டான். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

19 வயதில் கப்பலேறினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வணிகக் கப்பலில் வேலை. பிறகு அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிக்கொண்டார். ஆங்கிலம் தெரியாது. எந்திர வேலை தெரியும், ஆனால் கருப்பருக்கு அந்த வேலையைக் கொடுக்க ஆளில்லை. கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்து வயிற்றைக் கழுவினார். 1877 வாக்கில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரத்துக்கு வந்துசேர்ந்தார்.

லின் நகரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்டனுக்குப் பக்கத்தில், கடற்கரையில் இருக்கும் ஊர். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் அணிந்த ஷூக்களுக்கு அதுதான் தலைநகர். தெருவுக்குத் தெரு ஷூ தொழிற்சாலை. நமக்கு ஆம்பூர், ராணிப்பேட்டை எப்படியோ அப்படி.

அந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1841 முதல் சில ஆண்டுகள் லின்னில்தான் வாழ்ந்தார். 1845இல் வெளியான தன்வரலாற்றை அங்கே இருந்துதான் எழுதினார். 1841இல் அந்த ஊர் ரயிலில் வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொன்னார்கள். எழவில்லை. ஆட்கள் வந்து இழுத்தார்கள். அவர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார், இருக்கையும் பெயர்ந்து அவரோடு வந்தது. அதன் பிறகு சில நாள்களுக்கு லின்னில் ரயிலே நிற்கக் கூடாது என்று ரயில் நிர்வாகம் உத்தரவு போட்டது. ஒரு கருப்பரை உட்காரவிடுவதைவிட ஊருக்கே ரயில் இல்லாமல் செய்வது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. சேரிக்குப் பேருந்து நிற்காமல் போன கதைகள் நம் எல்லோரிடமும் இருக்கின்றன, அதனால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

இன்னொரு நிகழ்ச்சி. 1860 பிப்ரவரி 22 அன்று லின் ஷூ தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு மாபெரும் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். மார்ச் 7 அன்று கொட்டும் பனியில் ஏறத்தாழ 800 பெண்கள் ஊர்வலம் போனார்கள். வீரமான போராட்டம், சந்தேகமே இல்லை. அவர்கள் பிடித்திருந்த பதாகையில், அமெரிக்கச் சீமாட்டிகளாகிய நாங்கள் அடிமைகளாக இருக்க மாட்டோம் என்ற பொருளில் எழுதியிருந்தது. அதே நேரத்தில் மாசசூசெட்ஸின் ஷூ ஊர்கள் பல, தெற்கத்திப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளுக்குப் போட ‘ப்ரோகன்’ என்ற முரட்டு மலிவு ஷூக்களைச் செய்து மூட்டை மூட்டையாக அனுப்பிக்கொண்டிருந்தன. அடிமை என்ற சொல்லை உவமையாகப் பயன்படுத்த முடிந்தவர்களும், அடிமையாகவே இருந்தவர்களும், ஒரே தொழிலின் இரண்டு முனைகளில் இருந்தார்கள். இரண்டு முனைக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை.

மாட்செலிகர் இப்படியான ஊருக்குத்தான் வந்தார். ஹார்னி பிரதர்ஸ் என்ற தொழிற்சாலையில் சோல் தைக்கும் எந்திரத்தில் வேலை கிடைத்தது. 

அதற்குள் ஷூ தொழிலில் பெரும்பாலான வேலைகளுக்கு எந்திரம் வந்திருந்தது. அப்பர் தைக்க எந்திரம், சோல் தைக்க எந்திரம். லாஸ்ட்டிங்குக்கு மட்டும் எந்திரம் இல்லை. கைதேர்ந்த ஒரு லாஸ்ட்டர் பத்து மணி நேரம் வேலை செய்தால் ஏறத்தாழ 50 ஜோடி முடிப்பார். மற்ற பிரிவுகளில் எவ்வளவு வேகமாக வேலை நடந்தாலும் எல்லாம் இவர்கள் மேசைக்கு முன்னால் வந்து தேங்கி நிற்கும். இவர்கள் கை நின்றால் கம்பெனி நிற்கும். அதனால் கூலி அதிகம், சங்கமும் பலமானது. எத்தனை எந்திரம் வந்தாலும் எங்கள் விரல் செய்வதை எந்திரம் செய்யாது என்பது அவர்கள் பெருமை.

பக்கத்தில் சோல் தைத்துக்கொண்டிருந்த கருப்பர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதோடு நிற்கவில்லை, பார்த்துக்கொண்டும் இருந்தார். லாஸ்ட்டர்களின் விரல்கள் எந்த இடத்தில் தோலைப் பிடிக்கின்றன, இடுக்கி எந்தக் கோணத்தில் இழுக்கிறது, மடிப்பு எப்படி விழுகிறது, ஆணி எந்த நொடியில் இறங்குகிறது என்று மாதக்கணக்கில் பார்த்தார்.

பகலில் கம்பெனி, இரவில் படிப்பு. இயற்பியல் புத்தகங்கள், வரைகருவிகள் வாங்கினார். ஆங்கிலத்தையும் கற்றுக்கொண்டார். சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக் காசு சேர்த்தார். முதல் மாதிரியை மரத்துண்டு, கம்பி, சுருட்டுப் பெட்டி ஆகியவற்றை வைத்துச் செய்தார். ஆறு மாதம் பிடித்தது. அதைப் பார்த்த ஒருவர் 50 டாலருக்குக் கேட்டார். இவர் கொடுக்கவில்லை. அடுத்து உடைந்த எந்திரங்களின் இரும்பை வைத்து இன்னொரு மாதிரி. அதன் ஒரு பகுதிக்கு மட்டும் 1,500 டாலர் தருவதாக ஒருவர் சொன்னார். அப்போதும் கொடுக்கவில்லை. வாரக் கூலியில் வாழ்கிற ஒருவர் அந்தக் காலத்து 1,500 டாலரை மறுப்பது என்றால், தான் செய்தது என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் முழு அளவு எந்திரம் செய்யப் பணம் வேண்டும். உள்ளூர் முதலீட்டாளர்கள் இருவர் முன்வந்தார்கள். நிபந்தனை: உரிமையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கு. சிந்தனை இவருடையது, உழைப்பு இவருடையது, பட்டினியும் இவருடையது. மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவர் அனுப்பிய வரைபடங்கள் அதிகாரிகளுக்குப் புரியவில்லை. இப்படி ஓர் எந்திரம் வேலை செய்யுமா என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வாஷிங்டனிலிருந்து லின்னுக்கே வந்தார். பார்த்தார். எந்திரம் வேலை செய்தது. 1883 மார்ச் 20 அன்று காப்புரிமை எண் 274,207 வழங்கப்பட்டது. 1885 மே 29 அன்று தொழிற்சாலையில் நடந்த சோதனையில் எந்திரம் 75 ஜோடிப் பெண்கள் ஷூவைப் பழுதில்லாமல் லாஸ்ட் செய்து முடித்தது. பிறகு மேம்பட்ட எந்திரங்கள் ஒரு நாளில் 150 முதல் 700 ஜோடிவரை செய்தன. கைவேலையில் 50 என்பதை மறக்க வேண்டாம். ஷூ விலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஏழைகள் வாங்கக்கூடிய பொருளாக நல்ல ஷூ மாறியதில் இந்த எந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இவ்வளவு செய்தவரை அந்த ஊர் எப்படி நடத்தியது?

அவர் பக்தியுள்ள கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஒரு தேவாலயம் தேடினார். கத்தோலிக்க சபை சேர்த்துக்கொள்ளவில்லை. யூனிட்டேரியன் சபை சேர்த்துக்கொள்ளவில்லை. எபிஸ்கோப்பல் சபையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் வடக்கு காங்கிரிகேஷனல் தேவாலயத்தின் இளைஞர்கள் அவரை அழைத்துக்கொண்டார்கள். அங்கே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தார், ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கல்லறைத் தோட்டத்தில்கூட தலித் கிறிஸ்தவருக்குத் தனிச் சுவர் எழுப்பிய தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிற எனக்கு, அந்த மூன்று கதவுகளின் சத்தம் நன்றாகவே கேட்கிறது.

எந்திரத்துக்குத் தொழிற்சாலைகளில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதில் கருப்பின மக்களை இழிவுபடுத்தும் வசைச்சொல் இருந்தது. அந்தச் சொல்லை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு மனிதர் பெற்றெடுத்த எந்திரத்துக்கு அவர் பெயரை வைக்கவில்லை, அவரைத் திட்டும் சொல்லை வைத்தார்கள். அந்த எந்திரத்தால் பணக்காரனானவனும், அந்த எந்திரத்தை ஓட்டிக் கூலி வாங்கியவனும் அந்தச் சொல்லைத்தான் சொன்னான். நம் சாதிப் பெயர்களை வசையாகப் பயன்படுத்துகிறவன் நம் கை செய்த செருப்பைக் கழற்றி வைத்துவிட்டா திட்டுகிறான்?

எந்திரத்தைப் பெரிய அளவில் செய்ய மேலும் முதலீடு தேவைப்பட்டது. புதிய நிறுவனம் வந்தது, உரிமைகள் அதன் கைக்குப் போயின. மாட்செலிகருக்குப் பங்குகள் கிடைத்தன. கொஞ்சம் வசதி வந்தபோது உடம்பு போய்விட்டது. குளிரிலும் பசியிலும் கழித்த இரவுகளுக்கு விலை வந்தது. காசநோயோடு மூன்று ஆண்டுகள் போராடினார். படுக்கையில் இருந்தபோதும் எந்திரத்தை மேம்படுத்திக்கொண்டிருந்தார். 1889 ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். 37ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருந்தது. அவர் பெயரில் 1890இலும் 1891இலும்கூடக் காப்புரிமைகள் வந்தன. தன்னைச் சேர்த்துக்கொண்ட தேவாலயத்துக்குப் பங்குகளை எழுதிவைத்திருந்தார். பிற்காலத்தில் அந்தத் தேவாலயம் தன் கடனை அடைத்தது அந்தப் பங்குகளை விற்ற பணத்தில்தான்.

1899இல் ஷூ எந்திர நிறுவனங்கள் ஒன்றாக இணைந்து யுனைடெட் ஷூ மெஷினரி என்ற பெருநிறுவனம் உருவானது. தலைமையில் சிட்னி வின்ஸ்லோ. மாட்செலிகரின் எந்திரத்தில் முன்பே முதலீடு செய்திருந்தவர். அந்த நிறுவனம் தன் முக்கிய எந்திரங்களை விற்காது, வாடகைக்குத்தான் விடும். ஷூ செய்யச் செய்ய அதற்குக் காசு போய்க்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்க ஷூ தொழிலே அதன் பிடிக்குள் போனது. ஏகபோகம் என்று அமெரிக்க அரசு அதன்மீது தொடுத்த வழக்குகள் 1911இல் தொடங்கி 1960கள்வரை நடந்தன. இத்தனைக்கும் அடித்தளங்களில் ஒன்று, சுருட்டுப் பெட்டியில் ஒருவர் செய்த மாதிரி.

தோழர்களே, கதை இதுதான். இதை எப்படிச் சொல்வது என்பதில்தான் எனக்குச் சண்டை இருக்கிறது.

இந்த வாழ்க்கையைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்வது சுலபம். ‘நிறம் தடையில்லை, திறமை இருந்தால் ஜெயிக்கலாம்’ என்று முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் மூன்று தேவாலயக் கதவுகள், மூன்றில் இரண்டு பங்கு, அந்த வசைச்சொல் எல்லாம் கதாநாயகன் தாண்டிய தடைகளாகச் சுருங்கிவிடும். அவற்றை வைத்தவர்கள் யார் என்ற கேள்வி காணாமல் போகும். அவர் அவற்றைத் தாண்டவும் இல்லை. 36 வயதில் செத்துப்போனார்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். என் ஆய்வு தோல் தொழிலாளர்களின் தொழில்நுட்ப அறிவைப் பற்றியது. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் நேர்காணலில் ஊர் எது என்று கேட்டார்கள். சொன்னேன். குழுவில் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, “அப்ப உங்களுக்கு இது ரத்தத்திலேயே இருக்கும்” என்றார். பாராட்டு என்றுதான் நினைத்தார் போல. எனக்கு அன்று அங்கே இடம் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். அந்த வாக்கியம் மட்டும் என்னை விடவில்லை.

வீட்டுக்கு வந்து என் சித்தப்பாவிடம் கேட்டேன். ஷூ கம்பெனியில் லாஸ்ட்டிங் மெஷினில் 20 வருஷமாக நிற்கிறவர். “சித்தப்பா, இது நமக்கு ரத்தத்துல இருக்குதாம். நெஜமா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “ரத்தத்துல இருந்தா எனக்கு ஏம்மா மூணு மாசம் விரல் வெந்துச்சு? ஒரே தோல்லயே முதுகுப் பக்கம் இழுக்காது, வயித்துப் பக்கம் இழுத்துக்கினே போவும். அத மெஷினுக்குத் தெரியாது, நான்தான் பாத்து வெக்கணும். அத எனக்கு ஒருத்தர் சொல்லிக் குடுத்தாரு. நான் தப்புப் பண்ணிப் பண்ணிக் கத்துக்கினேன்.”

என் ஆய்வேட்டின் மையம் அந்தப் பதில்தான் என்று பிறகு புரிந்தது.

அறிவு என்பது எங்கிருந்து வருகிறது என்று ஆதிக்கச் சமூகம் இரண்டு கதைகள் வைத்திருக்கிறது. கூட்டமாக இருக்கும் ஒடுக்கப்பட்டவர்கள் ஒரு வேலையைத் திறமையாகச் செய்தால், அது பிறவியில் வந்தது, ரத்தத்தில் இருப்பது. அவர்களில் ஒருவர் யாரும் மறுக்க முடியாத சாதனையைச் செய்துவிட்டால், அவர் மேதை, விதிவிலக்கு. இரண்டு கதையிலும் காணாமல் போவது ஒன்றுதான். கற்றல். ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி உயர்வு கேட்க முடியாது, சான்றிதழ் கேட்க முடியாது. விதிவிலக்காக இருப்பவர் மற்றவர்களுக்குக் கதவைத் திறக்க மாட்டார்.

மாட்செலிகரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வயதில் பட்டறை என்று சொன்னேனே, அங்கே கற்றார். சோல் எந்திரத்தின் முன் நின்று கற்றார். லாஸ்ட்டர்களின் விரல்களைப் பார்த்துக் கற்றார். இரவில் புத்தகத்தில் கற்றார். எந்திரத்தைத் தெரிந்தவர்கள் லின்னில் பலர் இருந்தார்கள். தோலைத் தெரிந்தவர்களும் பலர் இருந்தார்கள். ஒருவர் மேசையில் வரைந்தார், இன்னொருவர் கையால் இழுத்தார், இருவரும் சந்திக்கவில்லை. மாட்செலிகரிடம் இரண்டும் ஒரே உடலில் சேர்ந்தன. சாதி, உழைப்பவர்களையே படிநிலையாகப் பிரித்துப்போடுகிறது என்று பாபாசாகேப் நமக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அது கையையும் ஏட்டையும் பிரிக்கிறது. தோலைத் தொடுகிறவன் வரைபடம் போடக் கூடாது, வரைபடம் போடுகிறவன் தோலைத் தொட மாட்டான். இரண்டாயிரம் ஆண்டுகள் தோலோடு வாழ்ந்த சமூகங்களிலிருந்து எத்தனை மாட்செலிகர்கள் வந்திருக்க முடியும் என்று கேட்டால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இங்கே ஒரு சங்கடமான கேள்வி இருக்கிறது, அதைத் தாண்டிப் போக நான் விரும்பவில்லை. அந்த லாஸ்ட்டர்களும் தொழிலாளர்கள்தானே? ஒரு தொழிலாளி செய்த எந்திரம் மற்ற தொழிலாளர்களின் பலத்தை உடைத்ததே, அதை நாம் கொண்டாடலாமா? நேர்மையான கேள்வி. அவர்களுடைய சங்கம் நாள்பட நாள்படப் போராடிக் கட்டியது, எந்திரம் வந்தபின் அவர்கள் பேரம் பேசும் சக்தி குறைந்தது உண்மை. பிறகு 1895இல் மற்ற ஷூ தொழிலாளர் அமைப்புகளோடு இணைந்து பெரிய சங்கமானார்கள். என் பதில் இது: கைத்திறனைக் காப்பது வேறு, கைத்திறனுக்கு வேலி போடுவது வேறு. சிலருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்ட திறன், வெளியே நிற்பவன் ஒருவன் வேலியைத் தாண்டும்போது உடையத்தான் செய்யும். குற்றம் தாண்டியவன்மீது இல்லை. எந்திரத்தின் லாபம் லாஸ்ட்டருக்கும் போகவில்லை, மாட்செலிகருக்கும் போகவில்லை. வாடகை வாங்கியவனுக்குப் போனது. இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தால் வேறு ஒன்று நடந்திருக்கலாம். அவர்களை உட்காரவிடாமல் செய்தது நிறம். எந்த ஊர்ச் சங்கத்தைப் பார்த்தாலும் எனக்கு இந்தக் காலி நாற்காலி நினைவுக்கு வருகிறது.

எந்திரம் வந்தால் இழிவு போய்விடுமா? இது நம் ஊருக்கும் உரிய கேள்வி. அமெரிக்க ஷூ தொழிலும் நம்முடைய தோல் தொழிலும் அந்தக் காலத்திலேயே ஒரே சந்தையில் இருந்தன. சென்னையிலிருந்து பதனிட்ட ஆட்டுத்தோல்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1890களில் அமெரிக்கர்கள் குரோம் முறைக்கு மாறியதும் நம் பதனிட்ட தோலுக்கு அங்கே கிராக்கி குறைந்தது, பச்சைத்தோலைக் கேட்டார்கள். 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் சோதனைகளைத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். அதன் வழியில்தான் குரோம்பேட்டை என்று ஓர் ஊருக்குப் பெயரே வந்தது. ஆவாரம்பட்டை போய் குரோம் வந்தது. கைபோய் எந்திரம் வந்தது. தோல் ஷாப்பு கம்பெனி ஆனது, செருப்பு ஏற்றுமதிப் பொருள் ஆனது. தொட்டிக்குள் இறங்குகிறவர் யார் என்பது மட்டும் பெரிதாக மாறவில்லை.

என் சித்தப்பாவின் அடையாள அட்டையில் இன்றுவரை ‘ஹெல்பர்’ என்றுதான் இருக்கிறது. 20 வருஷம் லாஸ்ட்டிங் மெஷினில் நின்றவர். புதிதாக வரும் டிப்ளமோ பையன்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். அவர்கள் ஆறு மாதத்தில் சூப்பர்வைசர் ஆகிறார்கள்.

அமெரிக்க அஞ்சல் துறை 1991இல் மாட்செலிகருக்குத் தபால்தலை வெளியிட்டது. லின்னில் ஒரு பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். இறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பிறகு. நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நம்மவர்களுக்குத் தபால்தலை கேட்டு நூறு ஆண்டு காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். இந்த அறையில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். உங்கள் வீட்டில் தோல் வேலை, துப்புரவு வேலை, சலவை, செங்கல் சூளை, பறை கட்டுவது என்று ஏதோ ஒரு வேலையின் அறிவு இருக்கும். ஊருக்குப் போகும்போது அதைக் கேட்டு எழுதுங்கள். எப்படிச் செய்கிறார்கள், யாரிடம் கற்றார்கள், எத்தனை நாள் ஆனது, எங்கே தப்பு செய்தார்கள் என்று எழுதுங்கள். பெயரோடு எழுதுங்கள். குலத்தொழிலைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. பிடிக்காத வேலையை விட்டு வெளியேறும் உரிமைதான் நம் முதல் கோரிக்கை. ஆனால் வெளியேறும்போது அறிவை அங்கேயே விட்டுவிட்டு, நாம் ஒன்றும் தெரியாதவர்களாக வந்தோம் என்ற பொய்யைச் சுமந்துகொண்டு வர வேண்டாம்.

இந்த உரையைத் தயாரித்தபோது மாட்செலிகரின் கதையைச் சித்தப்பாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். எந்திரத்தின் பழைய படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். “இதோ, இந்த எடத்துல இடுக்கி மாதிரி புடிக்குது பாரு, இன்னிக்கும் இதேதான்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அவரு பேர எப்படிச் சொல்றது? இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன். அடுத்த நாள் ஷிப்டில் பக்கத்து மெஷின்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

யான் மாட்செலிகர். நீங்களும் யாரிடமாவது சொல்லுங்கள்.